முடிவைச் சொல்லாதே!

பேய்ப் படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்ன செய்வார்கள்? அடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை கதையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். சொல்கிறவருக்கும் ஆனந்தம். கேட்கிறவருக்கும் மயிர்க்கூச்சல். அதுதான் உலக வழக்கம்.

அந்த வழக்கத்தை ஒரு படம் மாற்றியது. பார்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். "நீயே போய்ப் பார், முடிவை மட்டும் கேட்காதே" என்றார்கள். அதோடு நிற்கவில்லை. அவர்களில் பலர் மறுபடியும் டிக்கெட் வாங்கிக்கொண்டு அதே படத்தைப் பார்க்கப் போனார்கள்!

அந்தப் படத்தின் பெயர் "தி சிக்ஸ்த் சென்ஸ்." "ஆறாவது புலன்" என்று பொருள். கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்ற ஐந்துக்கும் எட்டாத ஒன்றை உணரும் சக்தியைத்தான் அந்தப் பெயர் குறிக்கிறது.

1999-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி இந்தப் படம் அமெரிக்காவில் வெளியாயிற்று. அதை எடுக்க ஆன செலவு சுமார் 4 கோடி டாலர். உலகம் முழுவதும் கிடைத்த வசூலோ 67 கோடி டாலர்!

பேய்ப் படத்துக்கு இத்தனை வசூல் எப்படி வந்தது? விமரிசகர்கள் என்ன சொன்னார்கள்? படத்தை எடுத்தவருக்கு அந்த வெற்றி வரமாக அமைந்ததா, சாபமாக அமைந்ததா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை அந்த ஒரே முடிவில்தான் இருக்கிறது.

பயந்த சிறுவன்

கதை நடக்கும் இடம், அமெரிக்காவில் உள்ள பிலடெல்பியா நகரம்.

மால்கம் என்பவர் குழந்தைகளின் மன நோய்க்கு வைத்தியம் செய்கிற டாக்டர். பெயரும் புகழும் பெற்றவர். ஒருநாள் இரவு அவருடைய பழைய நோயாளி ஒருவன் வீட்டுக்குள் புகுந்துவிடுகிறான். சிறு வயதில் தன்னைக் குணப்படுத்தத் தவறிவிட்டதாக அவர் மீது குற்றம் சாட்டுகிறான். துப்பாக்கி வெடிக்கிறது.

மாதங்கள் ஓடுகின்றன. டாக்டர் இன்னொரு சிறுவனைச் சந்திக்கிறார். அவன் பெயர் கோல். வயது ஒன்பது. தகப்பன் பிரிந்து போய்விட்டான். தாய் ஒருத்தியே உழைத்து மகனை வளர்க்கிறாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவனைக் கேலி செய்கிறார்கள். அவன் உடம்பில் அடிக்கடி காயம். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

வீட்டுக்குள்ளேயே கம்பளியால் சிறு கூடாரம் கட்டி, அதற்குள் அவன் ஒளிந்துகொள்கிறான். மாதா கோயிலிலிருந்து எடுத்துவந்த சிறு சிலைகளை உள்ளே காவலுக்கு வைத்திருக்கிறான். பயந்த பிள்ளைக்கு நம் வீடுகளில் திருநீறு பூசிப் படுக்க வைப்பார்கள் அல்லவா? அதுபோல அந்தச் சிறுவன் தனக்குத் தானே ஒரு காப்புத் தேடிக்கொள்கிறான்.

கடைசியில் ஒருநாள் டாக்டரிடம் தன் ரகசியத்தைச் சொல்கிறான். இறந்து போனவர்கள் அவன் கண்ணுக்குத் தெரிகிறார்கள்!

முதல் நோயாளியைக் காப்பாற்றத் தவறிய டாக்டர், இந்தச் சிறுவனையாவது காப்பாற்றுவாரா? இதுதான் கதை. முடிவு இங்கே சொல்லப்படவில்லை. அதைச் சொல்லாமல் இருப்பதுதான் நியாயம்.

தமிழ்த் தாயின் மகன்

இந்தக் கதையை எழுதிப் படமாக்கியவர் எம். நைட் ஷியாமளன். மனோஜ் என்பது பெற்றோர் வைத்த பெயர். "நைட்" என்பது அவரே வைத்துக்கொண்டது.

இவர் பிறந்த ஊர் நம் பக்கம்தான். புதுச்சேரியைச் சேர்ந்த மாகியில் 1970-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி பிறந்தார். தகப்பனார் மலையாளி. தாயார் தமிழர். இருவரும் டாக்டர்கள். பிறந்து சில வாரங்களே ஆன கைக்குழந்தையாக அமெரிக்கா போனவர், பிலடெல்பியாவுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தார்.

1992-ம் ஆண்டு வந்த அவருடைய முதல் படம் சென்னையில் எடுக்கப்பட்டது. அமெரிக்காவில் வளர்ந்த இளைஞன் ஒருவன் இந்தியாவுக்கு வந்து தன் வேரைத் தேடும் கதை அது. அவரே கதாநாயகனாக நடித்தார். படம் ஓடவில்லை. 1998-ல் வந்த இரண்டாவது படத்தையும் பெரிதாக யாரும் பேசவில்லை.

மூன்றாவது படம்தான் "தி சிக்ஸ்த் சென்ஸ்." உலகத்தையே பேச வைத்த அந்த முடிவு, அவர் முதலில் எழுதிய கதையில் கிடையாது! பல தடவை கிழித்துப் போட்டு, மறுபடி மறுபடி எழுதிய பிறகுதான் அது அவர் மனதில் உதயமாயிற்று.

எழுதிய கதையை டிஸ்னி நிறுவனம் 20 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. ஆனால் படம் இவ்வளவு ஓடும் என்று அந்த நிறுவனமே எதிர்பார்க்கவில்லை. தயாரிப்பு உரிமையை ஸ்பைகிளாஸ் என்ற கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, படத்தை வெளியிடுகிற பொறுப்பையும், வசூலில் நூற்றுக்குப் பன்னிரண்டரைப் பங்கையும் மட்டும் வைத்துக்கொண்டது. வலையில் விழுந்த திமிங்கிலத்தைச் சின்ன மீன் என்று எண்ணி விற்றுவிட்ட கதைதான்!

படம் வெளியான நாள், ஷியாமளனின் 29-வது பிறந்த நாள்.

குறையாத கூட்டம்

அமெரிக்காவில் பொதுவாக ஒரு படத்துக்கு முதல் வாரம்தான் பெருங்கூட்டம் வரும். இரண்டாவது வாரத்தில் வசூல் மளமளவென்று இறங்கிவிடும்.

இந்தப் படத்துக்கு அப்படி நடக்கவில்லை. முதல் வார இறுதியில் 2 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல் வசூல். இரண்டாவது வார இறுதியிலும் அநேகமாக அதே வசூல்! தொடர்ந்து ஐந்து வாரம் முதல் இடத்தில் நின்றது. அந்த ஆண்டில் இதைவிட அதிகமாக வசூலித்த படம் ஒன்றே ஒன்றுதான். அது "ஸ்டார் வார்ஸ்" வரிசையில் வந்த பிரம்மாண்டமான படம்.

விளம்பரம் மட்டும் இந்தக் கூட்டத்தைக் கூட்டவில்லை. பார்த்தவர் பார்க்காதவரை அனுப்பி வைத்தார். பார்த்தவரே திரும்பவும் போனார்.

ஏன் திரும்பப் போனார்கள்? முடிவு தெரிந்ததும், அதுவரை பார்த்த ஒவ்வொரு காட்சிக்கும் வேறு பொருள் இருக்கிறது என்பது தெரிந்தது. முதல் தடவை ஊடல் போலத் தோன்றிய ஒரு காட்சி, இரண்டாவது தடவை கண்ணீர் வரவழைத்தது. சாதாரணமாகத் தோன்றிய ஒரு மௌனத்துக்கு அர்த்தம் புரிந்தது. ஒரே டிக்கெட்டில் ஒரு படம். அடுத்த டிக்கெட்டில் அதே படம், ஆனால் வேறு கதை!

படத்தில் சிவப்பு நிறம் வரும் இடங்களைச் சிலர் எண்ணத் தொடங்கினார்கள். சிவப்புக் கதவுப்பிடி, சிவப்புப் பலூன், சிவப்புக் கூடாரம்... மறு உலகம் இந்த உலகத்தைத் தொடும் இடங்களில் மட்டும் டைரக்டர் அந்த நிறத்தைப் பயன்படுத்தியிருந்தார்.

விமரிசகர்கள் இரண்டு கட்சி

பத்திரிகை விமரிசகர்களில் பெரும்பாலோர் படத்தைப் பாராட்டினார்கள். ஆனால் எல்லோரும் அல்ல.

"நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையின் விமரிசகர் படத்தைக் கடுமையாகத் தாக்கினார். பேயைக் காட்டிப் பிழியப் பிழிய அழ வைக்கப் பார்க்கிறார்கள் என்பது அவர் குறை.

சிக்காகோவின் புகழ் பெற்ற விமரிசகர் ரோஜர் ஈபர்ட், நான்குக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தார். ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்தவர் அவர். இருந்தும், அந்த முடிவைத் தாம் எதிர்பார்க்கவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். விடை கண் முன்னாலேயே இருந்தது, படம் ஏமாற்றவில்லை, தாம்தான் கவனிக்கத் தவறிவிட்டதாக எழுதினார். அப்போதும், முடிவு என்ன என்பதை அவர் எழுதவில்லை!

அவர் தொட்ட இடம்தான் முக்கியமானது. எதிர்பாராத முடிவு இரண்டு வகைப்படும். விடையை ஒளித்து வைத்துவிட்டுக் கடைசியில் எடுத்து நீட்டுவது ஒரு வகை. அது செப்பிடு வித்தை. விடையை எதிரிலேயே வைத்துவிட்டு, பார்ப்பவனே அதைக் காணாமல் போகும்படி செய்வது மற்றொரு வகை. அதற்குத்தான் சாமர்த்தியம் வேண்டும்.

படத்தில் ஓட்டை தேடியவர்களும் உண்டு. "இன்ன காட்சியில் இன்னார் இப்படிக் கேட்டிருக்க வேண்டாமா? அது எப்படிச் சாத்தியம்?" என்று வாதம் செய்தார்கள். மறு தரப்பினரோ காட்சி காட்சியாக எடுத்துவைத்துப் பதில் சொன்னார்கள். முடிவு தெரியும் நேரத்தில் பழைய காட்சிகள் சிலவற்றை டைரக்டரே மீண்டும் ஒருமுறை காட்டுகிறார். கணக்கைத் தீர்த்தவர் வழியையும் எழுதிக் காட்டுவதைப் போல!

ரகசியம் காத்த ரசிகர்கள்

முடிவைச் சொல்லாதே என்று கேட்பது புதிதல்ல.

லண்டன் நகரில் 1952-ம் ஆண்டு அகதா கிறிஸ்டி எழுதிய "தி மவுஸ்டிராப்" என்ற நாடகம் தொடங்கியது. அது பல பத்தாண்டுகளாக மேடையில் நடக்கிறது. நாடகம் முடிந்ததும் நடிகர் ஒருவர் முன்னே வந்து, கொலைகாரன் யார் என்பதை வெளியே சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்வார்.

1955-ம் ஆண்டு பிரான்சில் ஒரு திகில் படம் வந்தது. செத்தவன் திரும்பி வந்துவிட்டானோ என்று நடுங்க வைக்கும் கதை. நண்பர்களிடம் முடிவைச் சொல்லிக் கெடுக்காதீர்கள் என்று படத்தின் கடைசியில் எழுதியே காட்டினார்கள்.

1960-ல் ஆல்பிரட் ஹிட்ச்காக் எடுத்த "சைக்கோ" வந்தது. அந்தக் காலத்தில் படத்தின் நடுவில் உள்ளே போய் உட்காருவது அமெரிக்காவில் சகஜம். "படம் தொடங்கிய பிறகு ஒருவரையும் உள்ளே விடக்கூடாது" என்று ஹிட்ச்காக் கொட்டகைக்காரர்களுக்குக் கட்டளை போட்டார். விமரிசகர்களுக்கும் முன்கூட்டியே படத்தைக் காட்டவில்லை. அவர்களும் பொதுமக்களோடுதான் பார்க்க நேர்ந்தது.

தமிழ்நாட்டிலோ இதற்குக் கட்டளையே தேவைப்படவில்லை. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் கதைச் சுருக்கம் இருக்கும். விறுவிறுப்பான இடம் வந்ததும் அது நின்றுவிடும். "மீதியை வெள்ளித்திரையில் காண்க!"

"தி சிக்ஸ்த் சென்ஸ்" வந்தபோது யாரும் கட்டளை போடவில்லை. நடிகர் மேடைக்கு வந்து கும்பிடவில்லை. இருந்தும் பெரும்பாலோர் ரகசியத்தைக் காத்தார்கள். தாங்கள் அடைந்த அதிர்ச்சியை அடுத்தவரும் அடைய வேண்டும் என்ற ஆசைதான் காரணம். பந்தியில் முதலில் சாப்பிட்டவன் அடுத்த பந்திக்கு இலை போடுவதைப் போன்ற நல்ல குணம் அது.

காருக்குள் ஒரு காட்சி

அப்படியானால் முடிவு தெரிந்துவிட்டால் படம் சப்பென்று போய்விடுமா? இல்லை. காரணம், படத்தின் உயிர் முடிவில் மட்டும் இல்லை.

கோலின் தாய்க்குத் தன் இறந்த தாயின் நினைவாக ஒரு பதக்கம் இருக்கிறது. அது அடிக்கடி இடம் மாறி மாறிக் கிடக்கிறது. மகன்தான் எடுக்கிறான் என்று அவள் நினைக்கிறாள். அவன் இல்லை என்கிறான். பொய் சொல்கிறான் என்று தாய்க்குக் கோபம். உண்மையைச் சொன்னால் தன்னைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவாளோ என்று பிள்ளைக்குப் பயம். இரண்டு பேரும் அன்பு இல்லாதவர்கள் அல்ல. ஆனால் இருவருக்கும் நடுவே சொல்லாத ஒரு வார்த்தை சுவர் போல நிற்கிறது.

சாலையில் விபத்து. கார்கள் நின்றுவிடுகின்றன. காருக்குள் தாயும் மகனும் மட்டும். அப்போதுதான் கோல் தன் ரகசியத்தைத் தாயிடம் சொல்கிறான். அவள் நம்பவில்லை. பதக்கத்தைத் தொட்டது பாட்டி என்கிறான். தாய் சிறுமியாக இருந்தபோது ஆடிய ஒரு நாட்டியத்தைப் பார்க்கப் பாட்டி வரவில்லை என்று அவள் மனதில் நெடுநாள் குறை. "வந்தாள். பின்னால் ஒளிந்து நின்று பார்த்தாள்" என்ற பொருள்படச் சிறுவன் சொல்கிறான். அந்தச் செய்தியை அவனுக்கு வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது. தாய் விம்மி விம்மி அழுகிறாள்.

இந்தக் காட்சியின் பலம் பயமுறுத்துவதில் இல்லை. ஆனால் பார்த்தவர்கள் மறக்காத காட்சி இதுதான். இறந்தவர்களைக் கண்டு ஓடாதே, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேள் என்பதுதான் டாக்டர் சிறுவனுக்குக் காட்டும் வழி. நம் பாட்டிமார் சொன்ன கதைகளிலும் பேய் என்பது ஏதோ ஒரு குறையோடு போன உயிர்தானே?

மேடையில் கிடைத்த பாராட்டு

அந்த ஆண்டு ஆஸ்கார் பரிசுக்கு இந்தப் படம் ஆறு பிரிவுகளில் போட்டியிட்டது. சிறந்த படம், டைரக்ஷன், கதை வசனம், எடிட்டிங், துணை நடிகர், துணை நடிகை. பேய்ப் படங்களுக்கு அதிகம் இடம் கொடுக்காத சபையில் இது பெரிய கௌரவம்.

சிறுவனாக நடித்த ஹேலி ஜோயல் ஆஸ்மென்டுக்கு அப்போது 11 வயது. தாயாக நடித்த டோனி காலெட்டின் பெயரும் பட்டியலில் இருந்தது. டாக்டராக நடித்தவர் புரூஸ் வில்லிஸ். துப்பாக்கிச் சண்டைக்குப் பேர் போன அவர், இதில் குரலை உயர்த்தாமல் நடித்து எல்லோரையும் வியக்க வைத்தார்.

2000-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி விழா நடந்தது. ஆறில் ஒன்று கூடக் கிடைக்கவில்லை. துணை நடிகர் பரிசை வென்றவர் பழம்பெரும் நடிகர் மைக்கேல் கெய்ன். அவர் பரிசைக் கையில் வைத்துக்கொண்டே, தம்மோடு போட்டியிட்ட அந்தச் சிறுவனை மேடையிலிருந்து பாராட்டினார். சபையில் கைதட்டல் எழுந்தது.

வரமா, சாபமா?

அதன் பிறகு ஷியாமளன் எந்தப் படம் எடுத்தாலும் ரசிகர்கள் ஒரே கேள்வியோடு போனார்கள்: "இதில் முடிவு என்ன?"

கதையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, எங்கே திருப்பம் வரும் என்று காத்திருந்தார்கள். திருடன் வருவான் என்று விழித்திருக்கும் வீட்டில் திருட முடியுமா?

2002-ல் வந்த "சைன்ஸ்" நன்றாக ஓடியது. அந்தச் சமயம் "நியூஸ்வீக்" பத்திரிகை அவர் படத்தை அட்டையில் போட்டு, அடுத்த ஸ்பீல்பர்க் என்று வருணித்தது. 2004-ல் "தி வில்லேஜ்" வந்தது. அன்று மூன்று நட்சத்திரம் கொடுத்த அதே ஈபர்ட், இதற்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து அதன் முடிவைக் கேலி செய்தார்.

2006-ல் "லேடி இன் தி வாட்டர்" வந்தது. அதில் சினிமா விமரிசகர் ஒருவர் பாத்திரமாக வருகிறார். அவரை ஒரு கொடிய மிருகம் கொன்றுவிடுகிறது! விமரிசகர்கள் மீது டைரக்டர் பழி வாங்கிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். விமரிசகர்களும் விடவில்லை. மட்டமான டைரக்டர் என்ற கேலிப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

2010-ல் நடந்ததுதான் மிகவும் வேதனை. அவர் கதை எழுதிய ஒரு படத்தின் முன்னோட்டம் கொட்டகைகளில் காட்டப்பட்டது. அவர் பெயர் திரையில் வந்ததும் பல ஊர்களில் ஜனங்கள் சிரித்தார்கள். பதினொரு ஆண்டுகளுக்கு முன் எந்த ரசிகர்கள் ரகசியம் காத்தார்களோ, அதே ரசிகர்கள்!

ஷியாமளன் ஓய்ந்துவிடவில்லை. தம் வீட்டை அடமானமாக வைத்துக் கடன் வாங்கி, சுமார் 50 லட்சம் டாலரில் ஒரு சிறிய படம் எடுத்தார். 2015-ல் வந்த "தி விசிட்" அது. தாத்தா பாட்டியைப் பார்க்கப் போகும் இரண்டு குழந்தைகளின் கதை. வசூல் 9 கோடி டாலருக்கு மேல்! அடுத்து வந்த "ஸ்பிளிட்" அதையும் மிஞ்சியது. விழுந்தவர் எழுந்துவிட்டார்.

பெற்றோர் கவனத்துக்கு

கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. படம் வந்தபோது பிறக்காத பிள்ளைகள் இன்று அதைப் பார்த்துத் திடுக்கிடுகிறார்கள். முடிவு தெரிந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் அவர்கள் முகத்தைப் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவில் இந்தப் படத்துக்கு, 13 வயதுக்கு உட்பட்டவர்கள் விஷயத்தில் பெற்றோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்ற முத்திரை கொடுக்கப்பட்டது. சில காட்சிகள் சிறு குழந்தைகளின் தூக்கத்தைக் கெடுத்துவிடும். வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாம்.

பார்த்து முடித்ததும் முடிவைப் பற்றிப் பேசுவது இயல்பு. அதோடு பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்பதும் நல்லது: "உனக்கு ஏதாவது பயம் உண்டா? அம்மாவிடம் சொல்லாத பயம்?" கோல் தன் பயத்தைச் சொன்ன பிறகுதான் அந்தத் தாய்க்கு மகன் கிடைத்தான். சினிமாவின் முடிவை யாரிடமும் சொல்ல வேண்டாம். மனதில் உள்ள பயத்தை மட்டும் சொல்லிவிட வேண்டும்.